எலுமிச்சை மரமும் செதில் பூச்சியும்



பிழைப்பின் பொருட்டோ அலுவலின் பொருட்டோ தமிழ்நாட்டை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் வீடுகளை அடையாளம் கண்டுகொள்வது எளிது. வாயிலில் கோலம் இருக்கும். கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கும். இன்னும் சிறிது மண் கிடைத்துவிட்டால் அதன் அருகே ஓர் எலுமிச்சையோ நாரத்தையோ நிற்கும். ஊறுகாய்க்கும், எலுமிச்சஞ் சாதத்துக்கும், வெயிற்காலத்துப் பானகத்துக்கும், ஆயுத பூசையன்று வண்டிச் சக்கரத்தின் கீழ் வைப்பதற்கும் நமக்குக் காய் வேண்டும். ஆதலின் அம்மரத்தை நோய் பற்றினால், வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் குன்றியது போலவே நம் மனம் வருந்துகிறது.

அம்மரத்தைப் பற்றும் பகைகளுள் மிகவும் பழையதும், மிகவும் ஓசையின்றி வருவதுமான ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். அதன் பெயர் செதில் பூச்சி. அதனைப் பற்றிச் சொல்லுவதற்கு முன், எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுவது முறையாகும். அத்தவறே இப்பேச்சுக்குக் காரணமாயிற்று.

நாகபுரியில் சில ஆண்டுகள் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அவ்வீட்டின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் வளர்ந்த ஓர் எலுமிச்சை மரம் நின்றது. எங்களுக்கு முன் அவ்வீட்டில் இருந்த தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பத்தார் நட்டது அது என்று வீட்டுக்காரர் சொன்னார். நட்டவர்களை நாங்கள் கண்டதில்லை. ஆயினும் முதல் ஆண்டிலேயே அவர்கள் புண்ணியத்தில் இரண்டு ஜாடி ஊறுகாய் போட்டோம். இரண்டாம் ஆண்டில் இலைகளின் மேல் கரி பூசியது போன்ற கருமை படர்ந்தது. தொட்டால் கை பிசுபிசுத்தது. அடிமரத்தில் எறும்புகள் சாரி சாரியாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன.

கடைத்தெருவுக்குச் சென்று, கடைக்காரர் கொடுத்த கடுமையான பூச்சி மருந்தொன்றை வாங்கி வந்து இருமுறை தெளித்தோம். இரண்டு வாரம் மரம் தெளிவாக இருந்தது. ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் முன்னிலும் பன்மடங்காகப் பூச்சி பெருகிற்று. அப்போது இன்னொன்றையும் கண்டோம். பஞ்சு போர்த்தியது போன்ற வெள்ளைப் புழுக்கள் சில, பூச்சிக் கூட்டங்களுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தன. பூச்சிதான் வளர்ந்து இவ்வாறு பெரிதாகிவிட்டது என்று எண்ணி, வீட்டார் அனைவரும் கூடி அவற்றைத் தேடித் தேடிப் பொறுக்கி நசுக்கினோம்.

அடுத்த வீட்டில் மராட்டியப் பெரியவர் ஒருவர் இருந்தார். காட்டோல் பக்கத்தில் அவருக்கு ஆரஞ்சுத் தோட்டம் உண்டு. அவர் வேலிக்கு அப்பால் நின்று இதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் புரியும்படி மெதுவாக இந்தியில், “பேட்டா, திருடனை விட்டுவிட்டுக் காவற்காரனை அடிக்கிறீர்களே!” என்றார். நாங்கள் நசுக்கியவை பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சுகள். முதலில் தெளித்த மருந்திலும் மாண்டது பூச்சியைவிட அதன் பகைவர்களே மிகுதி என்று அவர் விளக்கினார். அன்று எங்களுக்கு உண்டான வெட்கமே இப்பொருளைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ளத் தூண்டிற்று.

இனி, செதில் பூச்சி என்பது யாதெனப் பார்ப்போம்.

மரக்கிளையிலும் இலையின் அடிப்பக்கத்திலும் காயின் தோலிலும் சிறு செதில்களோ பொட்டுகளோ ஒட்டியிருப்பதைப் பலரும் கண்டிருப்போம். மரத்தோலின் ஒரு பகுதி என்றே அவற்றை நினைத்து விட்டுவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு பொட்டும் ஓர் உயிர். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, கடுகினும் சிறியதாய், ஆறு கால்களோடு சிறிது தூரம் ஊர்ந்து செல்லும். தக்க இடம் கண்டதும் மயிரிழை போன்ற தன் வாயை மரத்தின் திசுவுக்குள் செலுத்தி அங்கேயே தங்கிவிடும். அவ்வாறு தங்கியபின் பல இனங்களில் பெண் பூச்சி தன் வாழ்நாள் முழுதும் அவ்விடத்தை விட்டு அசைவதில்லை. அதற்குச் சிறகு முளைப்பதே இல்லை. ஆண் பூச்சிக்குச் சிறகு உண்டு. ஆனால் வளர்ந்த ஆணுக்கு உண்ண வாய் கிடையாது. மிகச் சில நாட்களிலேயே அதன் வாழ்வு முடிகிறது.

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, நாரத்தை ஆகியவற்றைப் பற்றும் இவ்வினப் பூச்சிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகை கவசச் செதில் பூச்சி. இது மெழுகாலும் தான் கழற்றிய தோலாலும் ஒரு மூடியைச் செய்துகொண்டு அதனடியில் வாழும். காயின்மேல் செம்புள்ளிகளாகக் காணப்படும் சிவப்புச் செதில் பூச்சி இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாம் வகை மென்செதில் பூச்சி. இதற்குத் தனி மூடி இல்லை. முதுகே கெட்டிப்பட்டுக் கவிழ்த்த ஓடு போல் இருக்கும். மூன்றாவது, வெண்மாவு தூவியது போன்ற மாவுப்பூச்சியும், அதன் உறவான பஞ்சுச் செதில் பூச்சியும். பஞ்சுச் செதில் பூச்சியின் உடலுக்குப் பின்னே வரிவரியாய் அமைந்த ஒரு வெண்பஞ்சுப் பை நீண்டிருக்கும். அப்பையினுள் பல நூறு சிவந்த முட்டைகள் இருக்கும்.

இப்பூச்சிக் குலம் முழுவதும் தீயதென்று சொல்லுவதற்கில்லை. நம் நாட்டில் அரக்குத் தரும் பூச்சி இக்குலத்தைச் சேர்ந்ததே. நம் முன்னோர் காலத்தில் தமிழக வயல்வெளிகளை அடைத்துக்கொண்டிருந்த சப்பாத்திக் கள்ளியை அழிப்பதற்கென 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பூச்சியும் இதன் நெருங்கிய உறவே. ஒரே குலத்தில் நண்பரும் உண்டு, பகைவரும் உண்டு. எது எவ்விடத்தில் எதனைத் தின்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பெயர் அமைகிறது.

மென்செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் மரச்சாற்றை மிகுதியாக உறிஞ்சுகின்றன. அச்சாற்றில் அவற்றின் உடலுக்கு வேண்டிய சத்து குறைவு, சர்க்கரை மிகுதி. வேண்டாத இனிப்பு நீரை அவை வெளியே கழிக்கின்றன. அந்நீர் கீழுள்ள இலைகளில் சொட்டிப் பிசுபிசுப்பாகிறது. அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. எங்கள் மரத்து இலைகளில் கரி பூசியது போல் தோன்றியது அதுவே. விதர்ப்ப நாட்டுத் தோட்டக்காரர்கள் இக்கருமையைக் ‘கோல்ஷி’ என்பர். அப்பகுதி ஆரஞ்சுத் தோட்டங்களில் அதற்குப் பெரும்பாலும் காரணமாவது கருப்பு ஈ என்னும் வேறொரு சாறுறிஞ்சி. எனினும் நடைமுறை ஒன்றே: பூசணம் இலையைத் துளைத்து உண்பதில்லை. ஒளியை மறைத்து, இலை தன் உணவைச் செய்யும் தொழிலைக் கெடுக்கிறது. கவசச் செதில் பூச்சி மட்டும் இவ்வினிப்பு நீரைக் கழிப்பதில்லை. ஆதலின் கருமை இல்லை என்பதனாலேயே பூச்சி இல்லை என்று நாம் முடிவு கட்டலாகாது.

இனிப்பு நீர் உள்ள இடத்தில் எறும்பு இருக்கும். எறும்பு அந்நீரை உண்பதற்காகவே மரமேறுகிறது. தனக்கு இனிப்பு தரும் பூச்சியை அது பசுவைப் போல் பேணுகிறது. அப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகிறது. எனவே மரத்தில் ஏறும் எறும்புச் சாரி நமக்கு ஓர் அறிவிப்பு. மேலே ஏதோ ஒரு சாறுறிஞ்சி குடியேறியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

சிறகில்லாத இப்பெண் பூச்சி கண்டம் விட்டுக் கண்டம் சென்றது எவ்வாறு? மனிதன் கொண்டுசென்ற கன்றோடு சென்றது. இவ்வகையில் நடந்த ஒரு வரலாறு, பூச்சி நூலார் அனைவரும் போற்றும் வரலாறு. அதனைச் சுருக்கமாகச் சொல்லுவோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1868-ஆம் ஆண்டளவில், வேல இனத்தைச் சேர்ந்த அயல்நாட்டு மரங்களில் பஞ்சுச் செதில் பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. அதன் தாயகம் ஆஸ்திரேலியா. அங்கே அது இருந்தது என்பதைக்கூடப் பலர் அறியார். அத்துணை அரிதாக இருந்தது. கலிபோர்னியாவிலோ, இருபது ஆண்டுக்குள் தென்பகுதி ஆரஞ்சுத் தோட்டங்கள் அனைத்தையும் அது வெண்பனி மூடியது போல் மூடிவிட்டது. சோப்பு, மண்ணெண்ணெய்க் குழம்பு ஆகியவற்றைத் தெளித்துப் பார்த்தனர். மரத்தின்மேல் கூடாரம் போட்டு உள்ளே சயனைடு நச்சுப்புகை ஏற்றியும் பார்த்தனர். ஒன்றும் போதவில்லை. மனமுடைந்த தோட்டக்காரர் பலர் தம் மரங்களை வெட்டி எரித்தனர்.

அந்நாளில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் தலைமைப் பூச்சி நூலாராக இருந்தவர் சார்லஸ் வாலன்டைன் ரைலி. அவர் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். இப்பூச்சி தன் தாயகத்தில் ஏன் பெருகவில்லை? அங்கே அதனைத் தின்னும் பகைவன் ஒருவன் இருத்தல் வேண்டும். பூச்சி வந்துவிட்டது; பகைவன் வரவில்லை. அவனையும் வரவழைத்தால் என்ன? ஆனால் துறை அலுவலர் வெளிநாடு செல்லுவதற்குச் செலவு செய்யக் கூடாதென அப்போது ஒரு தடை இருந்தது. 1888-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரில் நடைபெற்ற சர்வதேசக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்ட குழுவோடு சேர்த்து, ஆல்பர்ட் கோபெலே என்னும் பூச்சி நூலாரை அவர் அனுப்பிவைத்தார்.

அடிலெய்டு நகரத்துத் தோட்டமொன்றில் அவ்வாண்டு அக்டோபரில், செந்நிறத்தில் கரும்புள்ளி கொண்ட ஒரு சிறு பொறிவண்டு பஞ்சுச் செதில் பூச்சியைத் தின்பதைக் கோபெலே கண்டார். அதுவே வெடாலியா என்று புகழ்பெற்ற வண்டு. கப்பலில் குளிர்ந்த அறையில் வைத்து அனுப்பிய முதல் மூன்று தவணைகளில் உயிரோடு வந்து சேர்ந்தவை முறையே 28, 44, 57. ஆக மொத்தம் 129 வண்டுகளே. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தோட்டமொன்றில், துணிக் கூடாரம் போர்த்திய ஓர் ஆரஞ்சு மரத்தில் அவற்றை விட்டனர். 1889 ஏப்ரலுக்குள் அம்மரத்தில் பூச்சியே இல்லை. கூடாரத்தைத் திறந்துவிட்டனர். வண்டு அடுத்த மரத்துக்கும் அதற்கு அடுத்த மரத்துக்கும் பரவிற்று. சூன் மாதத்துக்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வண்டுகள் ஏனைய தோட்டக்காரர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்திலிருந்து ஆரஞ்சு ஏற்றிச் சென்ற இரயில் பெட்டிகள் ஒரே ஆண்டில் 700-இலிருந்து 2,000-ஆக உயர்ந்தன. இத்தனைக்கும் ஆன செலவு சில ஆயிரம் டாலரே.

இக்கதைக்கும் நமக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கலாம். நேரான தொடர்பே உண்டு. 1928-ஆம் ஆண்டில் அதே பஞ்சுச் செதில் பூச்சி நம் நீலகிரியில் காணப்பட்டது. அங்கே தோல் பதனிடுவதற்கெனப் பயிரிட்ட வாட்டில் மரங்களை, மலையிலுள்ளோர் சீகை என்று வழங்கும் மரங்களை, அது பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டிலேயே அயல்நாட்டிலிருந்து வெடாலியா வண்டு தருவிக்கப்பட்டு, 1930-இல் உதகமண்டலத்தில் விடப்பட்டது. அங்கும் அது தன் தொழிலைச் செவ்வனே செய்தது.

அதற்கும் முன்பே, 1898-ஆம் ஆண்டில், மாவுப்பூச்சியைத் தின்னும் மற்றோர் ஆஸ்திரேலியப் பொறிவண்டு தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. காப்பிச் செடியைப் பற்றிய பச்சைச் செதில் பூச்சியை ஒழிப்பதற்காக அதனைக் கொண்டுவந்தனர். அவ்வேலையில் அது வெற்றி பெறவில்லை. ஆயினும் இந்நாட்டிலேயே தங்கி, மாவுப்பூச்சிக்குப் பகையாய் நிலைத்துவிட்டது. குடகு நாட்டு ஆரஞ்சு மரங்களிலும் திராட்சைப் பந்தல்களிலும் மாவுப்பூச்சியை அடக்க, இன்று ஆய்வுக்கூடங்களில் வளர்த்து விடப்படுவது அவ்வண்டே. அதன் புழு, மாவுப்பூச்சியைப் போலவே வெண்மெழுகு போர்த்தியிருக்கும். நம் நாட்டுப் பொறிவண்டுகள் சிலவற்றின் புழுக்களும் அத்தகைய கோலம் கொண்டவை. எங்கள் வீட்டில் நாங்கள் ஏமாந்தது அக்கோலத்தைக் கண்டே.

நாம் பெற்றது மட்டுமன்று, கொடுத்ததும் உண்டு. கலிபோர்னியா ஆரஞ்சுக்குப் பின்னாளில் பெருந்தொல்லை தந்தது சிவப்புச் செதில் பூச்சி. 1956, 1957 ஆண்டுகளில் அந்நாட்டு அறிஞர்கள் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஒரு மஞ்சள் நிறக் குளவியைக் கொண்டுசென்றனர். அக்குளவி நீளத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே. அது செதிலின் மூடிக்குள் முட்டையிடும். அம்முட்டையிலிருந்து வெளிவரும் புழு பூச்சியின் உடலையே உணவாக உண்டு வளரும். பல நாடுகளின் எலுமிச்சைத் தோட்டங்களில் இன்று கோடிக்கணக்காக வளர்த்து விடப்படும் அச்சிறு உயிர், நம் நிலப்பரப்பிலிருந்து சென்றது என்பதை எண்ணி நாம் மகிழலாம்.

இவ்வரலாற்றுக்கு ஒரு துயரப் பகுதியும் உண்டு. வெடாலியா வந்தபின் ஐம்பது ஆண்டுக்கு மேலாகக் கலிபோர்னியாவில் பஞ்சுச் செதில் பூச்சி அடங்கியே கிடந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் டி.டி.டி. என்னும் புதிய மருந்து வந்தது. 1946, 1947 ஆண்டுகளில் அதனைத் தெளித்த ஆரஞ்சுத் தோட்டங்களில் வெடாலியா வண்டு மாண்டது. உடனே, மறந்துபோன பழைய பகைவன் மீண்டும் தலைதூக்கினான். தோட்டக்காரர் மறுபடியும் வண்டைத் தேடிக் கொணர்ந்து விடவேண்டியதாயிற்று. சயனைடு நச்சுப்புகையின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே. முன்பு எளிதில் மாண்ட சிவப்புச் செதில் பூச்சி சில தோட்டங்களில் அப்புகைக்குச் சாகாமல் தாங்கி நிற்பதை 1916-ஆம் ஆண்டளவிலேயே அறிஞர்கள் குறித்து வைத்தனர். எங்கள் கொல்லையில் ஒரே ஒரு மரத்தில் நேர்ந்தது, அங்கே பல்லாயிரம் மரங்களில் நேர்ந்தது.

அறிஞர்கள் இப்பாடத்தை மறக்கவில்லை என்பதற்கு அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி காணப்பட்டது. பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் அது பெரிதும் அழித்தது. 2010-ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள மைய அரசின் பூச்சி ஆய்வு நிலையத்தார் போர்ட்டோ ரீக்கோ தீவிலிருந்து அதன் பகையான சிறு குளவிகளைத் தருவித்துப் பெருக்கி, உழவர்களுக்கு வழங்கினர். மிகக் குறுகிய காலத்திலேயே அப்பூச்சி அடங்கிற்று.

இனி, நம் கொல்லையிலும் மாடித் தொட்டியிலும் உள்ள மரத்துக்கு நாம் செய்யக்கூடியவை எவை எனப் பார்ப்போம்.

முதலாவது, பார்த்தல். வாரத்துக்கு ஒருமுறையேனும் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பூதக்கண்ணாடி இருப்பின் நன்று. செதிலை நகத்தால் மெல்லக் கீறினால், உயிருள்ளதாயின் ஈரம் கசியும். உலர்ந்து உதிர்ந்தால் அது முன்னமே மாண்டது. செதிலின் நடுவே ஊசி குத்தியது போன்ற துளை தெரிந்தால், குளவி தன் வேலையை முடித்துச் சென்றுவிட்டது என்று அறியலாம். அத்தகைய துளைகள் பல இருக்குமாயின் மருந்துக் குப்பியைத் தொடாமல் காத்திருப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, எறும்பைத் தடுத்தல். அடிமரத்தைச் சுற்றி ஒரு துணிப் பட்டையையோ கெட்டிக் காகிதத்தையோ கட்டி, அதன்மேல் ஒட்டும் பசையைத் தடவ வேண்டும். மரப்பட்டையின்மேல் நேரே தடவலாகாது, பட்டை வெந்துபோகும். சுவரையோ தரையையோ தொடும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். இல்லையேல் எறும்பு அவ்வழியே ஏறிவிடும். எறும்பு நின்றுவிட்டால் பொறிவண்டும் குளவியும் இடையூறின்றி வேலை செய்யும். இவ்வொரு செயலாலேயே பாதிப் பகை நீங்கக் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது, நீரும் ஒளியும். சாலையோரத்து வீடுகளில் இலைமேல் படியும் புழுதி, சிறு குளவிகளின் வேலைக்குத் தடையாகிறது. தில்லி, நாகபுரி போன்ற புழுதி மிகுந்த ஊர்களில் வாரம் ஒருமுறை குழாய் நீரை இலையின் இருபுறமும் வேகமாகப் பாய்ச்சிக் கழுவுவது நல்லது. மாவுப்பூச்சியும் ஊரும் குஞ்சுகளும் அந்நீரிலேயே பெருமளவு அடித்துச் செல்லப்படும். மரத்தின் உட்புறம் கிளைகள் நெருங்கியிருந்தால் சிலவற்றை நீக்கி ஒளியும் காற்றும் புக வழி செய்ய வேண்டும். பூச்சி மண்டிக் காய்ந்துபோன குச்சிகளை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

நான்காவது, இவ்வளவும் செய்தபின்னும் பூச்சி அடங்காவிடில் மென்மையான மருந்தை நாடுதல். முற்காலத்தில் சென்னை மாகாணத்து உழவர்க்கு மீனெண்ணெய் ரோசின் சோப்பைக் கரைத்துத் தெளிக்கும்படி வேளாண்மைத் துறையார் கூறி வந்தனர். இன்று ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், அது நீரோடு கலக்கும் அளவுக்குச் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்துத் தெளிக்கலாம். எண்ணெய் பூச்சியின்மேல் படிந்து மூச்சை அடைக்கும். முதலில் ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்த்து, இலை கருகாவிட்டால் மரம் முழுதும் தெளிக்கலாம். கடும் வெயிலில் தெளிக்கலாகாது. முதல் நாள் மரத்துக்கு நன்றாக நீர் பாய்ச்சிவிட்டு, மறுநாள் மாலையில் தெளிப்பது முறை. மூடிக்குள் இருக்கும் முட்டைகள் தப்பிவிடுமாதலால், பத்துப் பதினைந்து நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும் வேளையில் மீண்டும் ஒருமுறை தெளிக்க வேண்டும். பெருந்தோட்டம் வைத்திருப்போர் தம் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கலந்து செய்வதே நலம்.

ஐந்தாவது, கன்று கொண்டுவருவதில் எச்சரிக்கை. இது நம்மவர்க்கே சிறப்பாக உரியது. விடுமுறைக்கு ஊருக்குச் சென்று திரும்பும்போது, ஈரத் துணியில் சுற்றிய ஒரு நாரத்தங் கன்றோ கறிவேப்பிலைக் கன்றோ நம் மூட்டையோடு இரயிலேறுவது வழக்கம். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த செடியே; எலுமிச்சையின் பகைகளுள் சில அதன்மேலும் வாழக்கூடும். நம் அன்பின் அடையாளமாக நாம் சுமந்து வரும் கன்றில், நாம் அறியாத பயணி ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரலாம். ஆதலின் நாற்றுப் பண்ணையில் வாங்கினாலும், ஊரிலிருந்து கொணர்ந்தாலும், இலையடியையும் தண்டையும் நன்கு பார்த்த பின்னரே எடுத்துவர வேண்டும். வந்தபின்னும் சில வாரம் மற்ற மரங்களுக்கு எட்டத் தனியே வைத்திருப்பது நன்று.

எங்கள் மரம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அப்பெரியவர் சொற்படி மருந்தை நிறுத்தினோம். அடிமரத்தில் பட்டை கட்டினோம். நாள்தோறும் காலையில் குழாய் நீரால் கழுவினோம். முதல் மூன்று மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. வீட்டில் சிலர், வெட்டிவிடலாம் என்றுகூடச் சொல்லத் தொடங்கினர். குளிர்காலம் கழிந்து புதுத்தளிர் விட்டபோது அத்தளிரில் கருமை இல்லை. பழைய பூச்சிக் கூட்டங்களுக்கு நடுவே வெள்ளைப் புழுக்கள் மீண்டும் ஊர்ந்தன. இம்முறை வீட்டார் அனைவரும் கூடி நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்; ஒருவரும் கை வைக்கவில்லை. அடுத்த ஆண்டில் மரம் முழுதும் காய்த்தது. முதற் காய்களைப் பறித்து ஊறுகாய் போட்டு, ஒரு ஜாடியை அப்பெரியவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம்.

பிறகு எங்களுக்கு இடமாற்றல் வந்தது. எங்களுக்குப் பின் அவ்வீட்டுக்குக் குடிவந்தவர்கள் ஓர் ஒடியாக் குடும்பத்தார். சாவியைக் கொடுக்கும்போது, தண்ணீர் வரும் நேரத்தையும் பால்காரர் வரும் வேளையையும் சொன்னோம். பின்பு அவர்களைக் கொல்லைக்கு அழைத்துச் சென்று மரத்தைக் காட்டி, “வெள்ளையாக, பஞ்சு போல, ஒரு புழு ஊரும். அதனை மட்டும் ஒன்றும் செய்துவிடாதீர்கள்” என்றோம். முகமறியாத ஒருவர் நட்டுக் கொடுத்த மரத்துக்கு எங்களால் செய்ய முடிந்தது அவ்வளவே.